பட்டன் எங்கே போச்சு?

மென்பொருள் சரித்திரத்தில் மெனுவையும் பட்டனையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி அமைத்துவிட்டு, திருப்தியாக எழுந்துபோன வாடிக்கையாளர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அவர் வாடிக்கையாளரே இல்லை, முதலாளி என்பது வேறு விஷயம்.

1982. ஆப்பிளில் மெக்கின்டாஷ் கருவில் இருந்த காலம். கிறிஸ் எஸ்பினோசா என்ற இளைஞர் திரையில் தோன்றும் குட்டிக் கால்குலேட்டர் ஒன்றை எழுதினார். பதினாலு வயதிலேயே ஆப்பிளுக்குள் வந்துவிட்டவர், முதலாளியின் குணம் அத்துப்படி. இருந்தும் கொண்டுபோய்க் காட்டினார், விதி. பின்னணி ரொம்ப இருட்டு, கோடுகளின் தடிமன் சரியில்லை, பட்டன்கள் பெரிசு என்றார் ஜாப்ஸ். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு மறுநாள் போனால் வேறு குறை. அதைச் சரிசெய்தால் அடுத்த நாள் இன்னொன்று. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியில் தொடங்கி ஜன்னல் திரைச்சீலை வரை நொட்டை சொல்லும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டே, அவர்தான்.

எஸ்பினோசா ஒரு நாள் வாதாடுவதையே விட்டார். கோட்டின் தடிமன், பட்டனின் அளவு, பின்னணியின் கோலம் என்று அந்தக் கால்குலேட்டரில் மாற்றக்கூடிய அத்தனையையும் மெனுக்களில் அடுக்கினார். ‘ஸ்டீவ் ஜாப்ஸ் நீயே செய்துகொள் கால்குலேட்டர்’ என்கிற தினுசில் பேரும் வைத்தார். மவுஸை முதலாளியின் கையில் கொடுத்து, இனி உங்கள் பாடு என்று ஒதுங்கிவிட்டார். ஜாப்ஸ் சுமார் பத்து நிமிஷம் உட்கார்ந்து, மெனுக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, தனக்குப் பிடித்தபடி ஒன்றை அமைத்தார். அந்த உருவம் மேக் கணினியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் அசையாமல் இருந்தது.

ஒரு மனுஷரின் வாயை அடைக்கச் செய்த ஏற்பாடு இது. மற்ற கம்பெனிகள் பின்னால் நடந்துகொண்டதைப் பார்த்தால், எல்லாருமே இதைத் தப்பாகப் படித்ததுபோல்தான் இருக்கிறது. மெனுவை மாற்றும் உரிமையைக் கொடுத்துவிட்டால் ஜனங்கள் குறைசொல்ல மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கால்குலேட்டரைச் செதுக்க ஜாப்ஸுக்கு நேரம் இருந்தது. மற்றவர்கள் கணக்குப் போட வந்தவர்கள்.

மெனு என்ற சங்கதி பிறந்தது ஆப்பிளில் அல்ல. பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் கம்பெனி நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் 1970-களிலேயே மவுஸ், ஒன்றின்மேல் ஒன்று படுக்கும் ஜன்னல்கள், அமுக்கினால் எட்டிப்பார்க்கும் மெனு எல்லாம் தயார். வீட்டில் பொக்கிஷம், விற்கத் தெரிந்ததோ நகல் எந்திரம் மட்டும். 1979 டிசம்பரில் ஜாப்ஸ் அங்கே போய்ப் பார்த்தார். அதற்குக் கைமாறாக ஆப்பிள் கொடுத்தது ஒரு சலுகை: எங்கள் கம்பெனியில் நீங்கள் 10 லட்சம் டாலர் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம். உலகத்துக்கே நகலெடுக்கக் கற்றுக்கொடுத்த ஜெராக்ஸ், தன்னை நகலெடுக்க வந்தவனிடம் காசையும் கொடுத்து உட்காரவைத்துக் காட்டியது.

பார்த்துவிட்டு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிளின் லிசா கணினிக்காக பில் அட்கின்சன் மெனுவை எங்கெங்கோ வைத்துப் பார்த்தார். ஜன்னலோடு ஒட்டிப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார். கடைசியில் திரையின் உச்சியில் கொண்டுபோய் ஆணியடித்தார். ஒவ்வொரு கட்டத்தையும் போலராய்டு கேமராவில் படம் எடுத்தும் வைத்தார், பிற்காலத்தில் யாராவது ‘இது என்ன பெரிய விஷயம்’ என்று கேட்பார்கள் என்று தெரிந்தோ என்னவோ.

லிசாவில் இன்னொரு கூத்து. ஒரு வேலையை உறுதிசெய்யும் பட்டனில், ‘செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்று எழுதியிருந்தார்கள். சோதனைக்கு வந்த ஒரு பயனர் அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். என்ன சங்கடம் என்று விசாரித்தால், இந்தக் கணினி என்னை ஏன் முட்டாள் என்கிறது என்று எகிறினார். எழுத்துரு அப்படி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி போதாமல், ‘ஐ’ எழுத்து ‘எல்’ மாதிரித் தெரிந்து, ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார் மனுஷர். ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று அர்த்தம். அதன்பிறகு ‘ஓகே’ என்று மாற்றினார்கள். இன்றைக்கு நாம் படிக்காமலே ஒரு நாளைக்கு நூறு முறை ஓகே அமுக்குகிறோமே, அதன் பூர்வீகம் இந்தக் கோபத்தில் இருக்கிறது.

இந்தப் பக்கம் ஜன்னலும் மவுஸும் இல்லாத உலகத்தில் வேறொரு ராஜ்ஜியம். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள். சாய்கோட்டுச் சாவியைத் தட்டினால் மெனு வரும். சாய்கோடு, எஃப், எஸ் என்று தட்டினால் கோப்பு சேமிப்பு. சாய்கோடு, எஃப், ஆர் என்றால் பழைய கோப்பு திறக்கும். கணக்குப்பிள்ளைகள் இதைக் கண்ணால் படிக்கவில்லை, விரலால் மனப்பாடம் செய்தார்கள். பின்னால் வந்த போர்லாண்டு கம்பெனி குவாட்ரோ புரோ என்ற போட்டி மென்பொருளில் தன் சொந்த மெனுவை ரசித்து ரசித்து வடிவமைத்தது. கூடவே விவரமாக, வேண்டுமானால் லோட்டஸ் மெனுவையே போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வசதியும் வைத்தது. எல்லாரும் புது வீட்டுக்கு வந்து பழைய வாசற்படியைக் கேட்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

லோட்டஸ் 1990-ல் கோர்ட்டுக்குப் போனது. 50-க்கும் மேற்பட்ட மெனுக்களில் அடுக்கிய 469 கட்டளைகள் எங்கள் படைப்பு, காவியத்துக்கு உள்ள பதிப்புரிமை இதற்கும் உண்டு என்றது. கீழ்க்கோர்ட்டு ஆமாம் என்றது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது, வீடியோ பிளேயரில் பிளே, ஸ்டாப் என்று பட்டன் இருக்கிற மாதிரிதான் இதுவும், அதற்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்று. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஒதுங்கிக்கொள்ள, மற்ற எட்டுப் பேர் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். தீர்ப்புரை ஒரு வரி கிடையாது. மேல்முறையீட்டுத் தீர்ப்பு நின்றது, போர்லாண்டு ஜெயித்தது. ஆனால் குவாட்ரோ புரோவை அது 1994-லேயே நோவெலுக்கு விற்றுவிட்டிருந்தது. லோட்டஸையே 1995-ல் ஐ.பி.எம். வாங்கிவிட்டது. வழக்குக்காரர்கள் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தபோது எக்செல் சாப்பிட்டு முடித்து இலையையும் மடித்துவிட்டது.

எக்செல் என்றதும் மைக்ரோசாஃப்ட். மெனுவின் அடுத்த பத்து வருஷக் கூத்து முழுக்க அங்கேதான்.

வேர்டு முதல் பதிப்பில் கட்டளைகள் சுமார் 100. வேர்டு 2003-ல் அது 1,500-ஐத் தாண்டியது. டூல்பார்கள் மட்டும் 31. ஓரத்தில் திறக்கும் பலகைகள் 19. சரக்கு சேரச் சேர வைக்க இடமில்லை. அப்போதுதான் அந்தப் பழைய யோசனை: பயனரே இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளட்டும்! ஆஃபீஸ் 97-ல் மெனுவும் டூல்பாரும் ஒரே ஜாதியாக்கப்பட்டன. எதையும் பிடித்து இழுக்கலாம், எங்கும் ஒட்டலாம், மெனுப் பட்டையையே பெயர்த்துத் திரை நடுவில் மிதக்கவிடலாம்.

ஜனங்கள் பெயர்த்தார்கள். தெரிந்து அல்ல, கை தவறி. டைப் அடிக்கும் அவசரத்தில் மவுஸ் எங்கோ பட்டு, டூல்பார் கழன்று கடிதத்தின் நடுவில் வந்து உட்காரும். எழுதியதில் பாதி அதற்குக் கீழே. பெருக்கல் குறியை அமுக்கினால் அது ஒரேயடியாகக் காணாமல் போகும். அதைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று தெரிந்த ஒரே ஆள் எந்த ஆஃபீஸிலும் லீவில்தான் இருப்பார்.

அடுத்தது ஆஃபீஸ் 2000. நீங்கள் மாற்றுவதே வேண்டாம், நாங்களே உங்களைக் கவனித்து மாற்றிக்கொள்கிறோம் என்று வந்தது தானாகத் திருந்தும் மெனு. அடிக்கடி தொடும் கட்டளைகள் மட்டும் தெரியும், மற்றவை ஒளிந்துகொள்ளும். கீழே இரட்டை அம்பு மாதிரி ஒரு குறி, அதை அமுக்கினால் முழுப் பட்டியல். அமுக்கத் தெரியாதவர்கள் மெனுவைத் திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் சில நொடி உட்கார்ந்திருந்தால் அதுவாகவே விரியும். தேடினால் கிடைக்காது, சும்மா இருந்தால் வரும். ரமண மகரிஷி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் ஒன்று, விரிந்ததும் நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்றைக்கு ஏழாவது. விரல் பழகியது வீண். (இதே காலத்தில் ஆஃபீஸ் திரையில் உதவிக்கு வந்த காகித கிளிப் பொம்மை ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு ‘கடிதம் எழுதுகிறீர்களா?’ என்று கேட்டு அலைந்தது. அதைத் திட்டாதவர் பாக்கியில்லை. விட்டுவிடுவோம்.)

யார் என்ன அமுக்குகிறார்கள் என்று அனுமதி வாங்கிக்கொண்டு எண்ணத் தொடங்கியபோதுதான் மைக்ரோசாஃப்டுக்குக் கண் திறந்தது. இடைமுகத்தை வடிவமைத்த குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ் அந்தக் கணக்கைப் பிற்பாடு விரிவாக எழுதினார். வேர்டு 2003-ல் ஜனங்கள் கொடுத்த கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தே ஐந்து: ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததைத் திரும்பப் பெறு, தடித்த எழுத்து. ஒட்டு மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். மெனுவையோ டூல்பாரையோ மாற்றி அமைத்துப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. அந்த இரண்டிலும் கை தவறிப் பெயர்த்தவர் எத்தனை பேரோ.

ஆகவே 2007-ல் ரிப்பன் வந்தது. மெனு, டூல்பார் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு மேலே அகலமாக ஒரு பட்டை. மாற்றும் உரிமை கிட்டத்தட்ட ரத்து. மேலே ஒரு மூலையில் சில்லறைப் பட்டன்கள் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு திண்ணை விட்டார்கள். மற்றபடி ரிப்பனில் உங்களுக்கென்று ஒரு பட்டன் வேண்டுமானால் எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுத வேண்டியிருந்தது. உடனே, அதுவரை ஒரு பட்டனையும் நகர்த்தியிராத 98 பேரும் எழுந்து நின்று, எங்கள் உரிமை எங்கே என்று கேட்டார்கள். பழைய மெனுவை மீட்டுத் தரும் துணை மென்பொருளை விற்றுச் சிலர் நன்றாகவே பிழைத்தார்கள்.

அதைவிட ரசமான விஷயம், ‘கோப்பு’ மெனு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வட்டமாக, பளபளவென்று ஆஃபீஸ் முத்திரை பொறித்த ஒரு பட்டன் வைத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்ததால் பலர் அதைப் பட்டன் என்றே நினைக்கவில்லை. கம்பெனி சின்னம் போலிருக்கிறது என்று கும்பிடாத குறையாக விலகிப் போனார்கள். அச்செடுக்கும் கட்டளை அதற்குள்தான் இருந்தது. 2010 பதிப்பில் வட்டம் போய் ‘கோப்பு’ திரும்பி வந்தது, ரிப்பனை மாற்றும் வசதியும் வந்தது. இந்த முறையும் அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை, ஆனால் சண்டை ஓய்ந்தது.

ஆஃபீஸ்காரர்கள் பட்ட பாட்டை விண்டோஸ்காரர்கள் கேள்விப்படவே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். 1995-ல் ஸ்டார்ட் பட்டன் வந்தபோது அது உண்மையில் நல்ல யோசனை. எங்கே தொடங்குவது என்று விழிப்பவருக்கு, ‘தொடங்கு’ என்று பட்டனிலேயே எழுதியிருந்தது. அது போதாதென்று ஒரு அம்பு வேறு குதித்து வந்து காட்டியது. கணினியை அணைப்பதற்கும் அதையேதான் அமுக்கணும் என்ற நகைச்சுவையை உலகம் மன்னித்தது. மூலைக்கும் பட்டனுக்கும் நடுவே ஓரிரு புள்ளி இடைவெளி இருந்து, மவுஸை மூலையில் கொண்டுபோய் முட்டி அமுக்கினால் ஒன்றும் நடக்காமல் போனதையும் மன்னித்தது.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8. பட்டனைக் காணோம், ஸ்டார்ட் மெனுவுக்குப் பதில் திரை முழுக்கக் கட்டங்கள். பதினேழு வருஷம் ஒரே மூலைக்குப் போய்வந்த கோடிக்கணக்கான விரல்கள் அன்றைக்கும் அதே மூலைக்குப் போய்த் திகைத்தன. ஸ்டார்டாக் என்ற கம்பெனி 5 டாலருக்கு ஸ்டார்ட் மெனுவை விற்றது. ஓசியில் இருந்ததைக் காசு கொடுத்து வாங்கினார்கள் ஜனங்கள். ஒரு வருஷம் கழித்து 8.1-ல் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்து பட்டனைத் திருப்பிக் கொடுத்தது. மெனுவைக் கொடுக்கவில்லை. அமுக்கினால் எந்தக் கட்டங்களிலிருந்து தப்பிக்க ஓடிவந்தார்களோ அந்தக் கட்டங்களுக்கே கொண்டுபோய்விட்டது. 2015-ல் விண்டோஸ் 10 மெனுவையும் கொடுத்தது. எட்டுக்கு அடுத்து ஒன்பதைத் தாண்டி ஏன் பத்துக்குப் போனார்கள் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவசரம்தான்.

2021-ல் விண்டோஸ் 11. ஸ்டார்ட் பட்டன் இடது மூலையிலிருந்து கீழ் நடுவுக்கு வந்துவிட்டது. விண்டோஸ் 95 தொடங்கி அந்தப் பட்டன் உட்கார்ந்திருக்கும் டாஸ்க்பார் என்ற கீழ்ப்பட்டையை நாலு பக்கமும் இழுத்துப் போய் ஒட்டலாம், இது வந்தபோது அதுவும் முடியாமல் போனது. கேட்டால், மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதே என்றார்கள். இருந்தது. அமைப்புகளுக்குள் போய், டாஸ்க்பார் பக்கம் தேடி, அதன் அடிவாரத்தில் மடங்கியிருக்கும் பகுதியை விரித்தால் ஒரு டிராப்டவுன். திறந்தால் இரண்டு வரி: நடு, இடது. பல வருஷமாக டாஸ்க்பாரைத் திரையின் உச்சியில் வைத்துப் பழகியவர்கள், ‘மேல்’ என்று மூன்றாவது வரி எங்காவது இருக்கும் என்று அந்தப் பட்டியலை உருட்டிப் பார்த்தார்கள். இரண்டு வரிப் பட்டியலில் உருட்ட என்ன இருக்கிறது.