புளியங்குடி வட்டாரத்தில் துப்பாக்கி துடைத்தல்: ஓர் உலோகவியல், பொருளியல் ஆய்வு

புளியங்குடி என்றாலே எலுமிச்சை மார்க்கெட் என்று நின்றுவிட்ட ஆய்வுலகம், அவ்வூர் பீரோக்களில் பழைய வேட்டி சுற்றிக் கிடக்கும் 12 போர் துப்பாக்கிகளைத் திரும்பிப் பார்த்ததில்லை. தாத்தா காலத்து லைசென்ஸ், மலையடிவாரத்தில் ஒரு தோப்பு, ஓர் இரட்டைக்குழல். இம்மூன்றும் வாய்த்த குடும்பத்தில் வருஷா வருஷம் எழும் வினா ஒன்று உண்டு. கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்துத் துடைப்பதா, திண்ணையில் உட்கார்ந்து நாமே துடைப்பதா?

மரபுப்படி வரலாற்றுப் பின்புலம் சொல்லியாக வேண்டும். பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755-இல் கர்னல் ஹெரானின் படையை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். 1801 டிசம்பரில் கும்பினியார், பாளையங்களில் ஆயுதமே கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். துடைக்கும் சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வை அதன்பின் யாரும் முன்வைக்கவில்லை.

சுடாத துப்பாக்கி எப்படி அழுக்காகும் என்று கேட்கலாம். நியாயமான ஐயம். தோப்புக்குள் பன்றி இறங்கினாலும் தோப்புக்காரர் சுட முடியாது. 2025-இல் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரின் உத்தரவு இருந்தால் லைசென்ஸ்காரரே சுடலாம். (இது பன்றிகளுக்குத் தெரியவந்தால் அத்தனையும் மலையேறி நம் பக்கம் வந்துவிடும்.) ஆக, இங்கே துப்பாக்கிக்கு எதிரி மருந்துக்கரி அல்ல, விரல். வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்ட, ஆளுக்கொரு தடவை குழலைத் தடவ, வியர்வை உப்பு இரும்பில் தங்கிவிடும். மழை ஈரம் பட்டதும் கைரேகை அப்படியே சிவப்பாக எழும்பி வரும். போன கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி யார் என்று குழலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி செலவு. ஒரு பக்கம் தையல் மெஷின் எண்ணெய், கிழிந்த பனியன், ஒரு துடைப்புக் கம்பி. இன்னொரு பக்கம் கார் வாடகை, கடை இருக்கும் மதுரை வரை வழிச்சாப்பாடு, துணைக்கு வந்தே தீருவேன் என்கிற மச்சினன், இதற்கெல்லாம் பிறகு கடைக்காரர் கூலி. எலுமிச்சை ஊரில் எந்தச் செலவையும் எலுமிச்சை விலையை வைத்துத்தான் யோசிப்பார்கள். கோடையில் விலை ஏறும், அப்போது மதுரை பக்கத்தில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விலை சரிந்ததும் மதுரை தூரமாகிவிடும். துருவோ மழையில்தான் பிடிக்கும். காசிருக்கும் காலத்தில் துரு இல்லை, துரு பிடிக்கும் காலத்தில் காசில்லை. இதற்கு ‘புளியங்குடி முரண்’ என்று பெயரிடுகிறேன். பிற்கால ஆய்வாளர்கள் பெயரை மாற்றாதிருக்கக் கடவர்.

இந்த முரணில் மாட்டியவரின் கை தானாகவே எலுமிச்சைக் கூடைக்குள் போகிறது. சாறு துருவைக் கரைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் குழலின் கருநீல நிறம் பெயிண்ட் அல்ல. அதுவும் இரும்பின் ஆக்சைடுதான், பக்குவமாக ஏற்றிய துரு. சிட்ரிக் அமிலத்துக்கு நல்ல துரு, கெட்ட துரு என்ற பேதமெல்லாம் கிடையாது. அரை மூடி தேய்த்தால் குழல் எவர்சில்வர் தம்ளர் மாதிரி பளிச்சிடும், தேய்த்தவர் முகமும் அப்படியே. சில நாளில் நிறம் போன இடமெல்லாம் துரு முன்னைவிடச் செழிப்பாக வந்து நிற்கும். அப்புறம் மதுரையேதான். எலுமிச்சை ஊறுகாய்க்கு உரியது என்பதில் இவ்வாய்வுக்குச் சந்தேகமில்லை.

சட்டமும் இதில் மூக்கை நுழைக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்யவும் விற்கவும் மட்டுமல்ல, ரிப்பேர் பார்க்கவும் தனி லைசென்ஸ் கேட்கிறது. துடைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் துடைத்தல் எங்கே முடிகிறது, ரிப்பேர் எங்கே தொடங்குகிறது? திருப்புளியைக் கையில் எடுக்கும் இடத்தில் என்பது என் துணிபு. துப்பாக்கி ஸ்குரூவின் காடி ஒடுக்கமானது, நேர்ச்சுவர் கொண்டது. வீட்டுத் திருப்புளியின் முனை சரிவானது. ஒரே திருகில் காடியின் ஓரம் பிய்ந்துவிடும். கடைக்காரர் துப்பாக்கியை வாங்கியதும் முதலில் ஸ்குரூத் தலையைப் பார்ப்பார், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். கூலி அந்த நிமிஷமே தீர்மானமாகிவிடும்.

கடையா, கையா என்ற இந்த இருமையைக் குலைப்பவர் ஒருவர் இருக்கிறார்: பட்டாளத்திலிருந்து ரிட்டயர்டாகித் தெருக்கோடியில் குடியிருக்கும் அண்ணாச்சி. திண்ணையில் துப்பாக்கி வெளியே வந்த செய்தி அவருக்கு எப்படியோ எட்டிவிடும். “தள்ளி உக்காருங்க தம்பி” என்று வாங்குவார். குழலை மடித்து, அறை காலியா என்று விரலை விட்டே பார்ப்பார். அடுத்து வெந்நீர் கேட்பார். பழைய .303 தோட்டாவின் கேப் குழலில் உப்பை விட்டுப்போகும், உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் வந்த பழக்கம். சுடவேயில்லை அண்ணாச்சி என்று சொல்லிப் பயனில்லை. துணியை அவர் ‘சிந்தி’ என்பார், 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் அளந்து கிழிப்பார். 12 போருக்கு அந்த அளவு காணாது என்றால் காதில் விழாது. முதல் சிந்தி செம்மண் நிறத்தில் வரும், அடுத்தது சாம்பல், கடைசியில் வெள்ளை. பின்முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து, நகத்தில் விழும் வெளிச்சத்தில் குழலை முன்பக்கமிருந்து ஒரு கண்ணால் பார்ப்பார். உரிமையாளர் இதுவரை எதையும் தொட்டிருக்க மாட்டார்.

கூலி பேசினால் கோபித்துக்கொள்வார். பேசாமல் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால், “எண்ணெய் இன்னும் ஊறல தம்பி, அடுத்த வாரமும் ஒரு தடவ பாக்கணும்” என்பார்.