கூட்டமில்லாத நேரத்துப் பெருங்கூட்டம்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் போதும், கனடாச் சனமும் லண்டன் சனமும் வந்திறங்கிவிடும். அரியாலையில் வீட்டுக்கு வீடு இந்த முறையும் அதே கேள்விதான்: "நெடுந்தீவுக்கு எப்ப போனால் கூட்டம் இருக்காது?" கேட்பது ஒரு வான் நிறைந்த குடும்பம் என்பதை விட்டுவிடுவோம். ஊரில் இதற்கு ஒரே பதில்: "விடிய வெள்ளன வெளிக்கிடுங்கோ, முதல் படகைப் பிடியுங்கோ." எல்லோருக்கும் இதையே சொல்லிவைத்தால் முதல் படகின் கதி என்ன? ஆறு மணிக்குச் சனம் என்று ஐந்துக்கு வெளிக்கிடுகிறார்கள். ஐந்தும் ஊருக்குத் தெரிந்துவிட, நாலரை. இருட்டோடு பண்ணைப் பாலத்தில் வான் வரிசை. அல்லைப்பிட்டியும் வேலணையும் புங்குடுதீவும் நித்திரையில் கிடக்க, படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறை மட்டும் தேர்த்திருவிழா மாதிரி முழித்திருக்கிறது. இவன் ஏன் இந்த நேரத்தில் எழும்பினான் என்று ஆளை ஆள் முறைக்கிறார்கள். இப்படியே போனால் முந்தின நாள் இராச்சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு துறையில் பாய் விரிப்பார்கள். அதற்கும் முந்தி வந்து இடம்பிடிக்க ஓர் ஆளை அனுப்புவார்கள். பத்து மணிக்கு ஆறுதலாக வருபவனுக்குத்தான் துறை வெறுமையாகக் கிடைக்கும். படகு இருக்காது, அவ்வளவுதான்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். அவ்வளவு நிலத்தில் நெரிசல் வருவதற்கு நியாயமே இல்லை. ஆனால் காலையில் ஒன்றாய் இறங்கி, பின்னேரப் படகுக்குள் ஒன்றாய்த் திரும்பவேண்டிய எல்லோரும் ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம், குதிரை என்று ஒரே ஒழுங்கில் ஓடுகிறார்கள். ஆக, நெரிசலைப் படகு நேரமும் பட்டியலுமே உண்டாக்குகின்றன. கிழமை நாளில் போகலாமே என்பீர்கள். அன்றைக்குத்தான் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் அதே படகில் வேலைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு வந்த தீவுச் சனமும் அதில்தான் வீடு திரும்புகிறது. அவர்களின் இருக்கையில் ஏறி இருந்துகொண்டு கூட்டம் என்று முகம் சுளிப்பது நமக்கே அழகில்லை. இரவு தங்கினால் தீருமே என்றால், விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. தங்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை, மறுநாள் காரைநகர் கசூரினாக் கடற்கரை.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. கிரேக்கத்தின் சான்ரோரினியில் குடியிருப்போர் 15,000 அளவில். 2025 முதல் உல்லாசக் கப்பல்களில் வருவோர் நாளுக்கு 8,000 பேருக்கு மேல் கூடாதென்று வரையறுக்கவேண்டி வந்தது. அந்த எண்ணாயிரத்திலும் பாதிப்பேர் ஆளில்லாத படம் எடுக்கத்தான் வந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் நம்முடைய அதே குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். நாகபூசணி அம்மன் தேருக்குப் போகிறவர் கூட்டம் என்று முறைப்பட்டு நான் கேட்டதில்லை. சனமில்லாத தேரை யார் இழுப்பது? அது பக்தி, இது சுற்றுலா என்று தட்டிக்கழிக்க முடியாது. வெயிலும் கடலும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உண்மையிலேயே தனிமைதான் வேண்டுமென்றால், அரியாலை கிழக்கில் பூம்புகார்ப் பக்கம் கடல்நீரேரிக் கரை இருக்கிறது. படகும் வேண்டாம், அலாரமும் வேண்டாம். அங்கே போங்கோ என்றால், "அங்க என்ன இருக்கு?" என்கிறார்கள். வேறு ஆட்கள் போய்ப் பார்த்து நல்லதென்று சொன்ன இடம் வேண்டும், போன ஆட்கள் மட்டும் அங்கே நிற்கக்கூடாது. குதிரைக்குப் பக்கத்தில் படம் எடுக்க நிற்கும் ஒவ்வொருவரும் மற்றவர் விலகட்டும் என்று காத்திருக்கிறார்கள். கடைசியில் விலகிப் போவது குதிரை.