துவாரகாவில் வெயில் காய்தல்: ஒரு முன்னாய்வு

மனிதன் சூரியனை வணங்கிய வரலாற்றை அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மனிதன் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்த வரலாற்றை ஒருவரும் தொடவில்லை. பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் தில்லி துவாரகாவின் பால்கனிதோறும் நடக்கும் இந்தப் பண்டிகைக்குப் பஞ்சாங்கத்தில் திதி இல்லை, அரசு விடுமுறைப் பட்டியலில் இடமில்லை. நடத்திவைக்கப் புரோகிதரும் தேவையில்லை. அறிஞர்கள் கவனிக்காமல் விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

களத்தைப் பற்றி இரண்டு வரி. பப்பன்கலான் என்று முன்பு சொல்லப்பட்ட இடம், தில்லி வளர்ச்சி ஆணையம் செக்டர் செக்டராகப் பிரித்துக் கட்டியது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்ககங்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே விமான நிலையம். அதனால் ஜன்னலைத் திறக்காமலே பனிமூட்டத்தை அளக்கத் துவாரகாவாசிகளால் முடியும். போர்வைக்குள் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொள்வார்கள். விமானம் இறங்கும் சத்தம் வழக்கம்போலக் கேட்டால் வெயில் சீக்கிரம் வரும். சத்தமே இல்லையென்றால் இன்னொரு தூக்கம் போடலாம்.

இனி கணிதம். டிசம்பர் 21 அன்று உச்சிப் பொழுதில் துவாரகாவின் வானில் சூரியன் நிற்கும் உயரம் சுமார் 38 டிகிரி. சென்னையில் அதே நாள் 53 டிகிரிக்கு மேல். ஒன்பது மாடி, 27 மீட்டர் உயரம் என்று ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டால், அன்றைய உச்சியில் அதன் நிழல் சென்னையில் 20 மீட்டர், துவாரகாவில் ஏறத்தாழ 35 மீட்டர். அதே கட்டடம் ஜூன் 21 அன்று, 45 டிகிரி வெப்பத்தில் ஊரே வேகும்போது, கொடுக்கும் நிழல் இரண்டரை மீட்டர். நிழல் வேண்டியபோது இல்லை, வேண்டாதபோது எதிர்க்கட்டடத்துக் கீழ்வீடுகளையெல்லாம் விழுங்குகிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்ற பழமொழியைத் தில்லிக்கு அனுப்புவதற்கு முன் திருத்தக் குழுவின் பார்வைக்கு வைப்பது நல்லது. மேலும், இங்கே உச்சிப் பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, துவாரகா 77 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே டிசம்பர் கடைசியில் 12.20ஐத் தாண்டித்தான் சூரியன் உச்சியைத் தொடுகிறான். பன்னிரண்டு அடித்ததும் சமையலறைக்கு எழுந்து போகிறவர் நாளின் சிறந்த இருபது நிமிடத்தை இழக்கிறார்.

இந்தக் கணிதத்தால் கவிழ்ந்துபோன ஒரு பெரிய சாஸ்திரம் வாஸ்து. ஊரில் தெற்குப் பார்த்த வீடு என்றால் மூக்கைச் சுளிப்பார்கள், அது எமன் திசை. கிழக்கோ வடக்கோ பார்த்ததுதான் வேண்டும் என்று கும்பகோணத்து ஜோசியரைத் தொலைபேசியிலேயே கலந்து, வடக்குப் பால்கனியை வாங்கிய குடும்பங்கள் இங்கே உண்டு. குளிர்காலம் முழுக்க அந்தப் பால்கனியை வெயில் எட்டிப் பார்க்காது. எமன் திசை கிடைத்தவர்களுக்கோ, இரண்டு மீட்டர் உயரத் திறப்பு இருந்தால் வெயில் இரண்டரை மீட்டர் உள்ளே வந்து சோபாவிலேயே உட்காரும். வடக்குப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துப் பூங்காவுக்கு இறங்குகிறார்கள். அங்கே நிழல் நகர நகர நாற்காலியும் நகரும். இதைத் தேகப்பயிற்சி என்று அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதை இந்த ஆய்வாளர் ஏற்கவில்லை.

ஆய்வின் மையக் கேள்வி இதுதான்: தெற்குப் பால்கனியின் வெயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாருக்கு முதலில் போகிறது? வீட்டின் மூத்தவருக்கு என்று சொல்பவர் புத்தகம் மட்டும் படித்தவர். முதலிடம் இட்லி மாவுக்கு. சென்னையில் இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும். துவாரகாவில் ஜனவரி மாதம் ஒரு முழு நாள் போனாலும் வைத்த கோட்டைவிட்டு அசையாது. மாவைப் பொங்கவைக்கும் லூகோநாஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்ற பாக்டீரியா, பெயரில் காட்டும் மிடுக்கைக் குளிரில் காட்டுவதில்லை. ஆகவே இரவில் பேரனின் பழைய ஸ்வெட்டரைப் பாத்திரத்துக்குப் போட்டுவிட்டு (கழுத்துப் பகுதி மூடிக்குச் சரியாகப் பொருந்தும், கைகளை முடிச்சுப் போட வேண்டும்), காலையில் முதல் வெயிலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அடுத்த இடம் நீலப் பாட்டில் தேங்காயெண்ணெய்க்கு. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தில்லியின் ஜனவரிப் பகல் சராசரியாக 20 டிகிரிதான் என்பதால், வெயில் படாத பாட்டில் வீட்டில் ஒரு வெள்ளைக் கல்லாகவே இருக்கும். குளிக்கப் போகிறவர் பின்னூசியால் குத்திப் பார்ப்பது பயனற்றது. பாட்டிலைக் கவிழ்த்து, ஓரம் மட்டும் வழுக்கிக்கொண்டு கட்டி நடுவில் ஆடினால் மணி பதினொன்றரை, முழுக்க இளகினால் பன்னிரண்டரை என்று கொள்ளலாம்.

மூன்றாவது ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை. நான்காவதாகத்தான் பாட்டி. மங்கிக் குல்லாவும் சால்வையுமாக வந்து, மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்து, "மாவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தும்மா, நானும் புளிச்சுக்கறேன்" என்று அவர் சொன்னது இவ்வாய்வின் மிக முக்கியமான வாய்மொழிச் சான்று. பேரக்குழந்தைகளுக்கு ஐந்தாம் இடம். அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, ஹீட்டரும் கைப்பேசியும் இருக்கும் அறை எந்தத் திசையில் இருந்தால் என்ன. "வெயில்ல அலையாதே, கறுத்துடுவே" என்று அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், "வெயில்ல வந்து உட்காருடா" என்று பிள்ளைகளைத் திட்டுவது துவாரகாவில்தான்.

உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. பட்டாணி, வேர்க்கடலை, கஜக், ரேவடி, கறுப்பு உப்புத் தொட்ட கின்னோ ஆரஞ்சு. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் உல்லன் பந்தோடு வந்து, "மாதாஜி, மூங்ஃபலி லீஜியே" என்று ஒரு பிடி கொட்டுவார். பாட்டி பதிலுக்கு முறுக்கு நீட்டுவார். கின்னோ விஷயத்தில் ஒரு வியப்பு. தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மைனஸ் 0.6 டிகிரி பதிவானது 1935 ஜனவரி 16. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் எச். பி. ஃப்ராஸ்ட் உருவாக்கிய கின்னோ என்ற கலப்பினம் வெளியானதும் அதே 1935. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிடலாம், முனைகிறவர் தோலை ரஜாய் மேல் போடாமல் இருந்தால் போதும். மறுபக்கம், 2019 டிசம்பர் 30. அன்றைய அதிகபட்சமே 9.4 டிகிரி, 1901க்குப் பின் டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் தில்லியில் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நாளில் எண்ணெய் இளகாது, மாவு பொங்காது, ரவா உப்புமாதான்.

கடைசியாகச் சட்டம். ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 ஆண்டு தடையின்றி அனுபவித்தவருக்கு அது உரிமையாகிவிடும் என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15. அந்தச் சட்டம் முதலில் அமலான இடங்களில் ஒன்று சென்னை மாகாணம். வெயில் வேண்டும் என்று அங்கே யார் வழக்குப் போட்டிருப்பார்கள் என்பது சட்ட வரலாற்றின் புதிர். துவாரகாவில் மூன்றாம் மாடிக்காரர் இரட்டை ரஜாயைக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டுத் தொங்கவிட, அது இரண்டாம் மாடிப் பால்கனிக்குத் திரைச்சீலை ஆகிவிட்ட விவகாரம் ஒன்று இவ்வாய்வின்போதே எழுந்தது. இரண்டாம் மாடிக்காரர் குடிவந்து 20 ஆண்டு ஆகவில்லை. பிரிவு 15 கைகொடுக்காது என்று தெரிந்ததும் முறையிட நேரே மேலே ஏறினார். பேச்சு தொடங்குமுன் கையில் ஃபில்டர் காபி, மடியில் ஒரு தட்டுப் பட்டாணி. மறுநாள் அவரே நாற்காலியோடு வந்துவிட்டார். இப்போது மூன்றாம் மாடிக்காரரின் புகார், எண்ணெய்ப் பாட்டிலை வைக்க இடமில்லை என்பதுதான்.