பின்னாடி உதவும்

வானகரத்தில் சர்வீஸ் ரோட்டை விட்டு எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் தெரு இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பின்னாடியார்'. டிவி வந்த அட்டைப்பெட்டி, செத்துப்போன மிக்ஸியின் வயர், பித்தான் போன சட்டை என்று எதைத் தூக்கிப்போடப் போனாலும், "இரு, பின்னாடி உதவும்" என்று பரணில் ஏற்றிவிடுவார். அதிரசம் சுடும் வாணலிக்குத்தான் அங்கே இடமில்லை.

கொள்கை ஒன்றே ஒன்று: யாரிடமும் கை நீட்டக் கூடாது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கம்பெனி லாக்-அவுட் ஆன காலத்தில் பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கேட்கப் போகும் அம்மா, படியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாராம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பெல்லாம் அதற்குப் பிறகு அவர் போட்ட திட்டங்களில்தான்.

மகள் பிறந்த கையோடு தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு. 15 வருஷம் கட்ட வேண்டும். 21-ஆம் வருஷம் முதிர்வு. ஆகவே மகளுக்குக் கல்யாண வயது 21 என்று முடிவாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவளோ, நாய்க்குட்டிக்கு ஊசி போடும் டாக்டராகப் போகிறாளாம். "ஆகலாம்மா, 21-க்குள்ள ஆயிடு" என்றார். கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷப் படிப்பு என்று நான் சொன்னதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

2022-ல் அ.தி.மு.க. பொதுக்குழு எங்கள் ஊர் ஸ்ரீவாரு மண்டபத்தில் கூடியபோது, ஒற்றைத் தலைமையா இரட்டைத் தலைமையா என்று நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இவரும் உட்கார்ந்திருந்தார், கையில் பேனாவோடு. "இவ்வளவு கூட்டம் தாங்குதுன்னா, பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்?"

கார் வாங்கவில்லை. டோல்கேட்டில் டூவீலருக்குக் காசு இல்லையே! ஞாயிறு விடிகாலையில் மீன் மார்க்கெட்டுக்கும் அதே ஸ்கூட்டர்தான். மொத்த விலைக்கு ஒரு கூடை எடுத்து, தெருவில் நாலு வீட்டுக்குப் பங்கு போட்டு, சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்வார்.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று அதே 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும் அந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டார். "ஏர்போர்ட்லேர்ந்து பத்தே நிமிஷம்" என்றாராம் புரோக்கர். ஏர்போர்ட்டே இன்னும் வரவில்லை. பத்து நிமிஷத்தை எங்கிருந்து அளந்தார்களோ! அதே இடத்தில் ஏகனாபுரத்துக்காரர்கள் எங்கள் ஏரியும் வயலும் போதும் என்று போராடினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகளின் எதிர்காலம்தான் கணக்கு. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க தம்பி" என்றார் பின்னாடியார்.

அவர் மனைவி வேறு மண். கீரமங்கலம் பக்கம், ஆடி பிறந்தால் மொய் விருந்து நடக்கும் ஊர். கறிச்சோறு போட்டு லட்சக்கணக்கில் மொய் வாங்கி, அதைப் பல வருஷம் திருப்பிச் செய்து வளர்ந்த ஜனம். அந்த அக்காவுக்கு எதிர்காலம் என்றால் 'நாலு மனுஷங்க வேணும்'. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா ஒன்றும் விடுவதில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் 501, 1001 எழுதிவிட்டு வருவார். "காசைத் தண்ணியில போடுறா" என்று இவர் புலம்புவார்.

போன மாதம் ஒருநாள் அக்காவுடைய மொய் நோட்டு இவர் கண்ணில் பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். கூட்டினார், மறுபடியும் கூட்டினார். பிறகு தன் கணக்கு நோட்டில் 'வர வேண்டியது' என்று புதிதாக ஒரு பக்கம் திறந்தார்.

"ஏங்க, அதையெல்லாம் கை நீட்டித்தானே வாங்கணும்?" என்றார் அக்கா, கீரை ஆய்ந்தபடியே.

பின்னாடியார் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"மொய் எழுதுற மேஜையில உன் தம்பிய உக்கார வெச்சிடலாம்."