கிழவி வேஷம்

லெடாங் மலை ஏறப் போறியாமே பேராண்டி? கூட்டாளிங்களோட போய், கதையில வர்ற மலை இளவரசி தெரிஞ்சா போன்ல படம் பிடிக்கணுமாம்! அழகான பொண்ணைத் தேடிக்கிட்டே 1,276 மீட்டர் ஏறினா உனக்கும் துன் மாமாட் கதிதான்.

மலாக்கா சுல்தான் மஹ்முட் ஷா, அந்த இளவரசியைப் பொண்ணு கேக்க அனுப்பின ஆளு அவரு. கூடப் போன வீரர் ஹங் துவாவுக்கு வயசாயிடுச்சு, நடு வழியிலயே உக்காந்துட்டாரு. (மூட்டு வலி எனக்குத் தெரியும், அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன்.) துன் மாமாட் மேல போனா பாடுற மூங்கில், பூந்தோட்டம், எல்லாம் இருக்கு. பொண்ணைத்தான் காணோம். கூன் விழுந்த கிழவி ஒருத்தி வந்து சீர்வரிசை சொன்னா. மலாக்காவிலேர்ந்து மலைக்குத் தங்கப் பாலம் ஒண்ணு, வெள்ளிப் பாலம் ஒண்ணு. ஏழு தாம்பாளம் கொசு ஈரல். ஒரு தாழி கண்ணீர். ராஜா ரத்தம் ஒரு கிண்ணம், மகன் ரத்தம் ஒரு கிண்ணம்.

அந்தக் கிழவியே இளவரசிதான்னு ‘செஜாரா மெலாயு’ங்கிற பழைய மலாய் நூல் சொல்லுது. பொண்ணு பாக்கப் போனவரு பொண்ணுகிட்டயே பேசிட்டு, பொண்ணைப் பாக்காம இறங்கி வந்தாரு!

2004-ல வந்த படத்துல அவளுக்கும் ஹங் துவாவுக்கும் காதல்னாங்க. பழைய கதையில அப்படியெல்லாம் இல்ல. ‘ஆளை விடுய்யா’ன்னு சொன்னது மட்டும்தான் இருக்கு.

ராஜாவுக்கு அது புரிஞ்சுதா? மத்ததெல்லாம் குடுத்துடலாம், ரத்தம் எடுக்கத்தான் மனசு வரலைன்னாராம். பாலமும் கண்ணீரும் குடிமக்கள் கணக்குப் பாரு! இதுல வேடிக்கை, பின்னால அதே மகன் அகமதுவை இவரே கொல்லச் சொன்னாருன்னும் அந்த நூலே எழுதி வச்சிருக்கு.

நம்ம ஜாசின் பக்க ரப்பர் தோட்டத்துலயும் அந்தக் காலத்துல இந்த வேஷம் இருந்துச்சு. விடியறதுக்கு முன்ன பால் வெட்டப் போற வயசுப் பொண்ணு, தலையில துணியைச் சுத்தி, அப்பனோட கிழிஞ்ச நீளக்கைச் சட்டையைப் போட்டுக்குவா. கேட்டா கொசுவுக்குன்னு சொல்லுவா. கொசுவுக்கு மட்டும் இல்லடா, கங்காணிக்கும்தான். பொந்தியானாக் பேய்க்குக்கூட அவ்வளவு பயம் கிடையாது.

அதனால மலையில கிழவி எவளாச்சும் எதிர்ல வந்தா போனை உள்ள வச்சிட்டு வழி விடு. திரும்பி வர்றப்ப ஜாசின்ல எனக்கு ஒரு கட்டு வெத்தலை வாங்கிட்டு வா. கொசு ஈரலெல்லாம் வேண்டாம்.