குடும்பப் படத்தில் கண் மூடுதல்: ஐந்தருவியை முன்வைத்து ஓர் ஆய்வு

குழுவாக நின்று எடுக்கும் படத்தில் ஒருவராவது உறங்குவதுபோல் பதிவாகிவிடுவதைக் கண் மூடுதல் என்கிறோம். இது நோயல்ல. ஆனால் சில குடும்பங்களில் குறிப்பிட்ட ஒருவரை மட்டும் தேடி வருகிறது. "சித்தப்பா என்னைக்குப் படத்துல கண்ணத் தொறந்திருக்காக?" என்ற கேள்வி தென்காசி வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் வாய்மொழிச் சான்று.

இதைக் கள ஆய்வு செய்ய உகந்த காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் பருவம்; உகந்த இடம் குற்றாலம் ஐந்தருவி. கடையநல்லூரிலிருந்து தென்காசி வழியாகப் போகும் வேன்களில் ஆச்சி முதல் கைக்குழந்தை வரை ஏறிக்கொள்வதால், ஆய்வுக்கு வேண்டிய எல்லா வயதினரும் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள். கூடவே தூக்குவாளியில் புளியோதரையும் கிடைக்கும்.

மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறார் என்று கொள்வோம். 18 பேர் நின்றால் நிமிடத்துக்கு 270 சிமிட்டல்கள், அதாவது நொடிக்கு நான்குக்கு மேல். இவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகச் சிமிட்டுவதில்லை என்பதுதான் சிக்கலே. பந்திக்கு ஒன்றாக உட்காரத் தெரிந்த குடும்பத்துக்கு இது மட்டும் ஏனோ கைவரவில்லை.

இந்தச் சிக்கலை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு, 2006இல் கணிதப் பிரிவில் அவர்களுக்குக் கிடைத்தது. 20 பேருக்குக் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். விடை எத்தனையோ அத்தனை படம் எடுத்தால், அதில் ஒன்றிலாவது அநேகமாக எல்லோர் கண்ணும் திறந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருப்பதால், அதற்குள் யாராவது இமைத்துவிடுவார்கள். 50 பேர் என்றால் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதுதான் என்கிறது இக்கணக்கு. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்கள் இதைச் சூத்திரம் இல்லாமலே நிரூபித்துள்ளன.

சூத்திரத்தில் குறையும் உண்டு. அது ஐந்தருவியைக் கணக்கில் எடுக்கவில்லை. முகத்தில் சாரல் தெறித்தால் இமை கேட்டுக்கொண்டா மூடும்? வானமும் மேகமூட்டமாகவே இருப்பதால் இரண்டால் வகுப்பதே முறை. 18 பேருக்கு ஒன்பது படம். இதோடு குரங்கையும் சேர்க்க வேண்டும். கைப்பையை நோக்கி அது பாய்ந்த கணத்தில் எல்லோர் கண்ணும் அகலத் திறந்திருக்கும். ஆனால் ஒருவர் முகமும் கேமராவைப் பார்த்திருக்காது.

"ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவதும் பலன் தருவதில்லை. ஒன்றிலிருந்தே முறைத்துக்கொண்டு நிற்பவர் மூன்றில் தாங்காமல் இமைக்கிறார். எண்ணுகிற மச்சானும் மூன்றில் அமுக்குவதில்லை. "மைனி, கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். அதில் ஒன்பதை ஒரே அருவிக்குச் செலவழிக்க எந்தப் பெரியப்பாவும் சம்மதித்ததில்லை. ஒன்று எடுத்து, ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய பிறகே யார் தூங்கினார் என்று தெரியவந்தது. இன்று ஃபோனில் எத்தனையும் எடுக்கலாம் என்றாலும், சட்டம் போட்டு மாட்டும் படம் எல்லோர் கண்ணும் திறந்த படமாக இருப்பதில்லை. தேர்ந்தெடுக்கும் அத்தை நன்றாக விழுந்த படமாகவே இருக்கிறது. இதற்குச் சூத்திரம் இன்னும் எழுதப்படவில்லை.

எனவே சாரலுக்குக் கிளம்பும் வேன்காரர்கள் ஒன்பது எடுக்கவும். பத்தாவதில் ஃபோனை வேறொருவரிடம் கொடுத்து, இவ்வளவு நேரம் எடுத்தவரையும் வரிசையில் நிறுத்தவும். அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் பரவாயில்லை. அவரும் வந்திருந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது.