போத்தலுக்குள் பேசாலை

"அண்ணை, இனி மணத்தையும் பதிஞ்சு அனுப்பலாமாம். ஊர் மணத்தை ஒருக்கா அனுப்பி விடுங்கோவன்."

ரொறொன்ரோவிலிருந்து தம்பி இப்படிக் கேட்டபோது காலை ஒன்பதரை. நான் மன்னார்த் தீவில், பேசாலை வீட்டு விறாந்தையில் பல் தீட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மணம் பதியும் கருவி கையில் இல்லாமல் போனது அவனுடைய அதிர்ஷ்டம்.

அவன் சொன்னது வெறும் கதையல்ல. 2024இல் ஒஸ்மோ என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு பிளம்ஸ் பழத்தின் மணத்தை இயந்திரத்தால் அளந்து, அந்தக் கணக்கைக் கொண்டே இன்னொரு இயந்திரத்தில் திரும்பக் கலந்து எடுத்ததாக அறிவித்தது. அதற்கு எவ்வளவோ முன்பு, 1960இல், 'சென்ட் ஒவ் மிஸ்டரி' என்ற படத்துக்காகத் தியேட்டரில் கதிரைக்குக் கதிரை குழாய் பூட்டி மணம் விட்டார்கள். மணம் காட்சிக்குப் பிந்தி வந்தது, குழாய் சீறியது, படம் படுத்தது.

படம் பிடிப்பதுபோல மணம் பிடிப்பது இலேசில்லை. நிறம் பார்க்கக் கண்ணில் மூன்று வகை உணரிகள்தான்; மூன்று நிறத்தைக் கலந்து டிவி உலகத்தையே காட்டிவிடுகிறது. மூக்கிலோ ஏறத்தாழ 400 வகை. இந்த உணரிகளைக் கண்டுபிடித்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் அக்செலுக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. என் மனைவிக்கு அந்த நானூறும் வேலை செய்கிறது. தவறணைப் பக்கம் காற்று வாங்கப் போய் வந்தால் படலையைத் திறக்க முதலே, "எத்தினை போத்தல்?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். இந்த மனுசி கையில் மணம் பதியும் கருவியும் கிடைத்தால் என் கதி என்ன? போன வருசக் கள்ளை இந்த வருசம் சாட்சிக்குக் கூப்பிடுவாள்.

தவிர, எல்லா மணமும் பதிய வேண்டியவை அல்ல. எங்கள் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியை உடைத்து முத்தெடுக்கவில்லை. நாட்கணக்கில் அழுகவிட்டு, புழுவும் இலையானும் தின்று முடித்ததும் கழுவி எடுத்தார்கள். 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பி. இலங்கை முத்துக்குளிப்பாளரை வைத்து இசையமைப்பாளர் பிசே எழுதிய ஒப்பெரா 1863இல் பரிஸில் மேடையேறியது. அன்றைக்கு இந்தக் கருவி இருந்திருந்தால், முதல் பாட்டு முடியுமுன் முன்வரிசை மதாம்கள் கதவை உடைத்திருப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் தம்பி கேட்டுவிட்டானே என்று நானே ஒரு கருவி செய்தேன். வெறும் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று. அதற்குள் சீலாக் கருவாட்டில் ஒரு துண்டு, கிழிந்த வலையில் ஒரு முழம், கடற்கரை மணலில் ஒரு பிடி. ஊர்ச் சாரம் இறங்கட்டும் என்று மூடி, பூனைக்குப் பயந்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அந்தத் தட்டு பட்டுச் சேலைகளின் தட்டு என்பதையோ, மூடி ஏற்கெனவே வெடித்திருந்ததையோ நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு கலியாணம். மனைவி கூறைச் சேலையை எடுத்தாள். மடிப்பை விரித்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். திரும்ப மடித்தாள்.

"இஞ்சேருங்கோ."

இந்தச் சொல்லை அவள் மூன்று விதமாகச் சொல்வாள். இது மூன்றாவது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் விஞ்ஞானம் பேசினேன். மீன் மணத்துக்குக் காரணம் ட்ரைமெத்திலமீன் என்ற பொருள், புளி பட்டால் அது அடங்கும், அதனால்தான் மீன்குழம்புக்குப் பழப்புளி விடுகிறோம், ஆகவே சேலையில் கொஞ்சம் தேசிக்காய்... வசனம் முடியவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறும் இல்லை.

வேறு சேலை உடுத்தாள்; அதுவும் அதே தட்டுத்தான். கோயிலில் எங்கள் வாங்குக்குப் பக்கத்தில் இருந்த ஊர்க்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் ஒவ்வொருவராக லேஞ்சியை எடுத்தார்கள். ஓயாமல் வரும் மணத்தை மூக்கு சில நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிடும் அல்லவா! எனக்கே கொழும்பில் நாலு நாள் நின்று திரும்பி வரும்போது, தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டிப் பஸ் பாலத்தில் ஏறும் அந்த ஐந்து நிமிடந்தான் மன்னார் மணக்கும். உப்புச் சேறு, காய்ந்த பாசி, எங்கோ விரித்த கருவாடு. தீவுக்குள் இறங்கினால் ஒன்றுமில்லை.

போத்தலைத் தாட்டுவிட்டேன். தம்பிக்கு இரண்டு கிலோ சீலாக் கருவாடே போகிறது. சட்டியில் போட்டால் தானே ஓடும், சார்ஜ் ஏற்றத் தேவையில்லை. போன முறை கராஜில் வைத்துப் பொரித்தானாம். மூன்றாம் வீட்டுத் தமிழர் சோற்றுக்கோப்பையோடு வந்தாராம்.

பார்சலை நாளை இரவு பஸ்ஸில் நானே கொழும்புக்குக் கொண்டுபோகிறேன். பக்கத்து சீட் உங்களுக்குக் கிடைத்தால், தயவுசெய்து யன்னல் பக்கத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.